மருந்துக்கடை அக்காவின் புறங்கை

அவருடைய பெயர் எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். எழுதினால் எங்கிருந்தாவது எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று ஏதாவது ஒன்று சொல்லுவார். அது ஒரு கிழமைக்கு, ஏழு நாளும், எனக்குள் குத்திக்கொண்டே இருக்கும். நெல்லியடியில் எல்லோரும் அவரை மருந்துக்கடை அக்கா என்றுதான் கூப்பிட்டோம். எண்பது வயதுக் கிழவர்களும் அக்கா என்றுதான் சொன்னார்கள். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து இருக்கும்.

நான் தென்மராட்சியில் வயல் செய்கிற கமக்காரக் குடும்பத்துப் பிள்ளை. கலியாணம் கட்டி நெல்லியடிக்கு வந்தவள். அலுவலகத்தில் எழுதுவினைஞர் வேலை. இரண்டு பிள்ளைப்பேறு, காலையில் இருந்து பின்னேரம் வரை கதிரை, அதற்கு மேல் மாமியின் கைச்சமையல். மூன்றும் சேர்ந்து என்னை என்ன செய்தன என்று கலியாணப் படத்தையும் என்னையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒருநாள் மருந்துக்கடையில் வேறு ஆட்கள் இல்லாத நேரம் பார்த்துப் போய், குரலைத் தாழ்த்தி, "அக்கா, மெலியிறதுக்கு ஏதும் குளிசை இருக்கோ?" என்று கேட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கோபித்துக்கொண்டு வந்திருப்பேன். திரும்பி, அலுமாரியில் இருந்த பெட்டிகளை அடுக்கத் தொடங்கினார். குளிசையைத்தான் தேடுகிறார் என்று நான் நின்றேன். கேட்டது காதில் விழவில்லையோ என்று சந்தேகம் வருகிற அளவுக்கு நேரம் போனது. பிறகு அந்த முதுகில் இருந்து பதில் வந்தது.

"அஞ்சரைக்கு வாசிகசாலைக்குப் பின்னாலை வாரும். சப்பாத்து இருந்தால் போட்டுக்கொண்டு வாரும். இல்லாட்டி வெறுங்காலோடை வாரும். உதுக்குக் குளிசை இல்லை."

அக்காவின் சுபாவமே அதுதான். முகத்துக்கு நேரே பதில் சொல்ல மாட்டார். கேட்டதை வாங்கிக்கொள்வார், திரும்புவார், முதுகைக் காட்டுவார். எதிரில் நிற்பவர் தான் வென்றுவிட்டதாக நினைத்து ஒரு மூச்சு விடும் நேரத்தில், பதில் வந்து சரியாக விழ வேண்டிய இடத்தில் விழும்.

ஒரு தடவை வான் ஓட்டுகிற ஒருவர், டொக்டரின் துண்டு இல்லாமல் காய்ச்சலுக்குக் கடுமையான மருந்து கேட்டு வந்தார். தர முடியாது என்றதும் தெருவுக்குக் கேட்கிற மாதிரிச் சத்தம் போட்டார். நானும் கடையில் நின்றேன். அக்கா திரும்பி நின்று, இருமல் பாணிப் போத்தல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். வந்தவர் தன்னுடைய கோபத்தை எல்லாம் கொட்டி முடித்தபோது அக்காவின் முதுகு கதைத்தது.

"உந்தளவு சத்தம் போடுற ஆளுக்குக் காய்ச்சல் இருக்காது. வீட்டிலை ஆருக்குச் சுகமில்லை? அவையைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. பின்னேரம் என்ன மாதிரி எண்டு வந்து சொல்லுங்கோ."

அவர் பின்னேரம் வந்து சொன்னார். மனைவிக்கு டெங்கு. நல்ல நேரம் கொண்டுபோய்ச் சேர்த்தார்களாம். அதற்குப் பிறகு அந்த மனிதர் கடைக்கு முன்னால் ஹோர்ண் அடிக்கவே மாட்டார்.

இன்னொரு நாள், அயலில் உள்ள ஒரு மாமி, ஏன் நீ கலியாணம் கட்டவில்லை என்று ஆட்கள் நிறைந்த கடையில் வைத்து அக்காவைக் கேட்டார். எனக்கே முகம் சுட்டது. அக்கா திரும்பினார். அலுமாரிக் கதவைத் திறந்தார், மூடினார். "மாமி, உங்கடை பிரஷர் குளிசை போன கிழமையே முடிஞ்சிருக்கும் எண்டு நினைக்கிறன். அதுதான் கதை கூடிப்போச்சு." மாமியே சிரித்துவிட்டார். குளிசையும் வாங்கிக்கொண்டு போனார்.

இனி வாசிகசாலைக்குப் பின்னால் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே சீமெந்து போட்ட ஒரு பட்மின்ரன் தளம் இருந்தது. கூரை இல்லை. மூன்று பக்கம் மதில், ஒரு பக்கம் தோட்டம். சோளகக் காற்றுப் பெயர்ந்தால் பறக்கிற இறகுப்பந்து, நாங்கள் சட்டில் என்போம், வேலி தாண்டிப் புகையிலைக்குள் போய் விழும். ஆறரைக்குப் பிறகு மின்குமிழ்களைப் போட்டு ஆண்கள் விளையாடுவார்கள். ஐந்தரையில் இருந்து ஆறரை வரை நாங்கள் நான்கு பெண்கள். வலையைக் கட்டுவதும் நாங்கள்தான். ஆண்கள் வந்து, நாங்கள் கட்டின வலையில் விளையாடிவிட்டு, கழற்றிச் சுருட்டி எறிந்துவிட்டுப் போவார்கள். அடுத்த நாள் அந்தச் சிக்கலை எடுத்து முடிப்பதற்கே எங்களுக்குப் பத்து நிமிடம் போய்விடும்.

முதல் நாள் அக்கா விளையாடுவதைப் பார்த்து நான் வாயைப் பிளந்தேன். வலக்கைக்காரருக்கு இடப்பக்கம் வருகிற சட்டில் தொல்லை. கையை நெஞ்சுக்குக் குறுக்கே கொண்டுபோய்ப் புறங்கையால் அடிக்க வேண்டும். பாக்காண்ட் என்று சொல்லுவோம். ஊரில் முக்கால்வாசிப் பேர் அதற்குப் பயந்து, சுற்றி ஓடிப்போய் முன்கையால்தான் அடிப்பார்கள். அக்காவுக்கு எல்லாம் தலைகீழ். இடப்பக்கம் மூலையில் உயர்ந்து வருகிற சட்டிலுக்கு, கடையில் திரும்புகிற அதே மாதிரித் திரும்புவார். வலைக்கு முதுகைக் காட்டுவார். ஒரு கணம் ஒன்றும் நடக்காது. பிறகு மணிக்கட்டு மட்டும் ஒரு சொடுக்கு. சட்டில் எங்கள் தலைக்கு மேலால் போய்ப் பின்கோட்டில் குந்தும்.

ஆனால் வலப்பக்கம், சின்னப் பிள்ளை அடிக்கக்கூடிய லேசான சட்டில் வந்தால் காற்றை வெட்டுவார். சட்டில் காலடியில் விழும். மற்றவர்கள் பாக்காண்டைத் தவிர்க்கச் சுற்றி ஓடுவார்கள் என்றால், அக்கா முன்கையைத் தவிர்க்கச் சுற்றி ஓடுவார். நான் சிரித்துச் சிரித்தே முதல் மாதம் மூன்று கிலோ குறைந்தேன்.

"அக்கா, உங்களுக்கு மட்டும் ஏன் உப்பிடி?" என்று ஒருநாள் கேட்டேன். தளத்து ஓரத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம். அவர் போத்தலை மூடிவிட்டு மதில் பக்கம் திரும்பினார். நான் காத்திருந்தேன். அதற்குள் எனக்கும் காத்திருக்கப் பழகியிருந்தது.

"நான் பிறவியிலை இடக்கைக்காரி. அம்மாவுக்கு அது பொறுக்கேல்லை. எங்கடை பக்கம் கடலுக்குப் போற வீடுகளிலை, வள்ளம் வெளிக்கிடேக்கை இடக்கையாலை ஒண்டும் நீட்டப்படாது. நான் ஒருநாள் அப்பாவுக்குச் சாப்பாட்டுப் பெட்டியை இடக்கையாலை நீட்டிப்போட்டன். அஞ்சு வயசு. அப்பா சிரிச்சுக்கொண்டு வாங்கிக்கொண்டு போனார். அண்டைக்கு இஞ்சின் பழுதாகி ரெண்டு நாள் கழிச்சுத்தான் கரைக்கு வந்தவர்."

"பிறகு?"

"பிறகென்ன. சோறு தின்னேக்கை, எழுதேக்கை, பழைய சீலைத் துண்டாலை இடக்கையைக் கதிரையோடை கட்டிவிடுவா. இடப்பக்கம் பென்சில் விழுந்தாலும் சோத்துக்கையை நெஞ்சுக்குக் குறுக்காலை கொண்டுபோய்த்தான் எடுக்கவேணும். ரெண்டு வருசம் எடுத்தன். அதுதான் உம்முடைய பாக்காண்ட்."

"அப்ப வலப்பக்கம் ஏன் வராது?"

"வலப்பக்கம் அம்மா இருந்தவ. அங்கை விழுந்ததெல்லாம் அவவே எடுத்துத் தருவா."

சொல்லிவிட்டுத் தோள் குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போகிற வழியில் எனக்கு அழுகை வந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

அந்தத் தாய் பருத்தித்துறை வீட்டை விட்டு மகளோடு நெல்லியடியில்தான் இருந்தார். மெலிந்த, நிமிர்ந்த மனுசி. பின்னேரங்களில் தளத்துக்கு வந்து, ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு உட்காருவார். எப்போதும் வலப்பக்கக் கோட்டுக்கு வெளியேதான். மகள் வலப்பக்கம் தவறவிடுகிற சட்டிலை எல்லாம் அந்த மனுசிதான் குனிந்து எடுத்துக் கொடுப்பார். அக்கா சோற்றுக்கையை நீட்டி வாங்குவார். அவர் யாருக்கும் எதையும் இடக்கையால் நீட்டி நான் பார்த்ததில்லை. மருந்து உறையைத் தரும்போதுகூட வலக்கையால் நீட்டி, இடக்கையால் முழங்கையைத் தொட்டுக்கொள்வார்.

ஒரே ஒருநாள் நான் கடைக்குள் சத்தமில்லாமல் நுழைந்தபோது, அக்கா தனியே இருந்து குளிசைகளை எண்ணிக்கொண்டிருந்தார். இடக்கையால். விரல்கள் பறந்தன. என்னைக் கண்டதும் கை மாறியது, எண்ணிக்கை தடுமாறியது, முதலில் இருந்து எண்ணினார். விரத நாளில் குசினிக்குள் கருவாட்டோடு பிடிபட்ட ஆளைப்போல முகம். நான் ஒன்றையும் காணாத மாதிரி நின்றேன்.

அப்படி இருக்கும்போதுதான் வாசிகசாலைச் செயலாளர் வந்து சேர்ந்தார். நல்ல மனிதர், ஆனால் தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் விடுவானா? வாசிகசாலைத் திறப்புக்கொத்து அவர் இடுப்பில் தொங்கியது. ஒரு பின்னேரம் எங்கள் விளையாட்டுக்கு நடுவில் தளத்துக்குள் நடந்து வந்து, வலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளையள், அடுத்த மாதத்திலை இருந்து அஞ்சரைக்கே பெடியள் துவங்கப் போறாங்கள். போட்டி வருது. நீங்கள் வேணுமெண்டால் மூண்டு மணிக்கு வாங்கோவன்."

மூன்று மணிக்கு நான் அலுவலகத்தில் இருப்பேன். அக்கா கடையில் இருப்பார். அது செயலாளருக்கும் தெரியும். எனக்கு உச்சியில் ஏறியது. இருபத்துநாலு மணித்தியாலத்தில், அம்மா என்றோ, பிள்ளை என்றோ, மிஸ் என்றோ என்னை ஒருவரும் கூப்பிடாத ஒரு மணித்தியாலம் அதுதான். மாமியின் முணுமுணுப்பைத் தாண்டி, பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டு, ஒவ்வொரு நாளும் சண்டை பிடித்துப் பெற்ற மணித்தியாலம். நான் வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். என்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. செயலாளர் சிரித்துக்கொண்டு நின்றார். நான் கத்தக் கத்த அவருக்கு வசதியாகப் போய்விட்டது.

அக்கா கம்பத்தடிக்குப் போனார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நெகிழ்ந்திருந்த வலைக் கயிற்றை அவிழ்த்து இறுக்கினார். நான் வாயை மூடினேன். பதில் வருகிறது என்று எனக்குத் தெரிந்தது.

"செயலாளர் அண்ணை, ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ரெண்டு பேர் வாங்கோ. நாங்களும் ரெண்டு பேர் வாறம். ஒரு கேம். தோத்தால் அஞ்சரை உங்களுக்கு. வலையும் நாங்களே கட்டிவிட்டுப் போறம்."

"வெண்டால்?"

"வெண்டால் அஞ்சரை எங்களுக்கு. வலையை நீங்கள் கட்டுங்கோ."

ஞாயிற்றுக்கிழமை மதில் முழுக்க ஆட்கள். என் மாமியும் வந்திருந்தார், கோயிலுக்குப் போகிற வழி என்று சொல்லிக்கொண்டு. கோயில் எதிர்ப் பக்கம். வாசிகசாலைத் தலைவர் மேசைக்கு மேல் கதிரையைப் போட்டு, ஏறி உட்கார்ந்து நடுவரானார். அங்கே செயலாளரும் அவருடைய மச்சானும். இங்கே அக்காவும் நானும். அக்காவின் தாய் வழக்கம்போல வலப்பக்கக் கோட்டோரம் கதிரையைப் போட்டார்.

நாங்கள் விளையாடுவதை ஆண்கள் ஒருநாளும் ஆற அமர இருந்து பார்த்ததில்லை. அதுதான் அவர்கள் விட்ட பிழை. "பாக்காண்டுக்குப் போடு, பாக்காண்டுக்குப் போடு" என்று செயலாளர் மச்சானுக்குச் சத்தமாகவே சொன்னார். பொம்பிளையளுக்குப் பாக்காண்ட் வராது என்று எந்தப் புத்தகத்தில் படித்தாரோ தெரியாது. மச்சானும் சொல்வழி கேட்கிற பிள்ளை. ஒவ்வொன்றாக அக்காவின் இடப்பக்கத்துக்கு அனுப்பினார். அக்கா திரும்பினார், முதுகைக் காட்டினார், சொடுக்கினார். எங்களுக்குப் பதினொன்று வந்தபோது அவர்களுக்கு நாலு. மதிலில் இருந்த எங்கள் மற்ற இரண்டு ஆட்டக்காரிகளும் ஒருவரை ஒருவர் கிள்ளிக்கொண்டு சிரித்தார்கள்.

இடைவேளையில் யாரோ ஒரு புண்ணியவான் மதிலில் இருந்து குனிந்து செயலாளரின் காதில் ஓதிவிட்டான். அதற்குப் பிறகு எல்லாம் வலப்பக்கம். அக்கா காற்றை வெட்டினார். சட்டில் விழுந்தது. தாய் எடுத்துக் கொடுத்தார். மறுபடியும் வெட்டினார். மறுபடியும் தாய் எடுத்துக் கொடுத்தார். அக்கா வலப்பக்கக் கோட்டோடு ஒட்டிப்போய் நின்றார், அங்கே நின்றால் வருகிறதெல்லாம் இடப்பக்கம்தானே. மிச்சத் தளம் முழுவதும் என் தலையில் விழுந்தது. நான் ஓடினேன். இப்படி நான் பள்ளிக்கூடத்திலும் ஓடியதில்லை. "ஓடு பிள்ளை" என்று ஒரு குரல் கேட்டது. மாமியின் குரல். எனக்கு இன்றைக்கும் நம்ப முடியவில்லை.

எங்களுக்கு இருபது, அவர்களுக்குப் பத்தொன்பது. இருபத்தொன்றுக்கு இன்னும் ஒன்று.

அந்தக் கடைசி ஒன்றில் சட்டில் எத்தனை தடவை வலை தாண்டியது என்று எனக்குத் தெரியாது. இடப்பக்கம் முன்னுக்கு விழுந்த ஒன்றை எடுக்கப்போய் நான் முழங்காலில் விழுந்தேன். என் தலைக்கு மேலால் அடுத்தது வந்தது. அக்கா கோட்டை விட்டு ஓடிவந்து அதைக் காப்பாற்றினார். அதனால் வலப்பக்கம் வெறுமையானது. மச்சான் அதைக் கண்டுவிட்டார். மெல்லமாக, அவசரமில்லாமல், தாயின் கதிரைக்கு நேரே தட்டிவிட்டார்.

அக்கா ஓடினார். முன்கையால் அடிக்க வேண்டிய சட்டில். ஆயிரம் தடவை தவறவிட்ட சட்டில். தாய் எடுத்துக் கொடுப்பதற்குக் குனியவும் தொடங்கிவிட்டார். நான் முழங்காலில் இருந்தபடி பார்த்தேன். ரக்கெட் அக்காவின் வலக்கையில் இருந்து இடக்கைக்கு மாறியது. இடக்கை நெஞ்சுக்குக் குறுக்கே வலப்பக்கம் போனது. புறங்கையால் ஒரு சொடுக்கு.

வடிவான அடி என்று சொல்ல மாட்டேன். சட்டில் ரக்கெட்டின் விளிம்பில் பட்டது. தத்தி எழும்பி, வலையின் மேல் நாடாவில் குந்தி, யோசித்து, அந்தப் பக்கம் விழுந்தது.

தாங்கள் கண்டது சரிதானா என்று கேட்கிற மாதிரி எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அக்கா ரக்கெட்டை இடக்கையில் பிடித்தபடியே மதில் பக்கம் திரும்பிவிட்டார். தாய்க்கும் எங்களுக்கும் முதுகு. நாற்பது வருசமாக ஒளித்து வைத்த கையைத் தாய்க்கு ஒரு முழம் தள்ளி வைத்துக் காட்டிவிட்டாரே. பதில் வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

செயலாளருக்குத்தான் முதலில் நாக்கு வந்தது. "தலைவர், உது பிழை. கை மாத்தி அடிக்கேலாது. புள்ளி எங்களுக்கு."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குச் சட்டம் தெரியாது என்பது தெளிவாகத் தெரிந்தது. எனக்கும் தெரியாது. ஐந்தரை மணி என் கையை விட்டுப் போகிறது என்று நினைத்தேன். அப்போது பிளாஸ்டிக் கதிரை சீமெந்தில் உராய்கிற சத்தம் கேட்டது. அந்த மனுசி எழும்பி நின்றார்.

"ஓம் தம்பி, கை மாத்தினது பிழைதான்" என்றார். குரல் உயரவில்லை. "மாத்தினது நான். அவளுக்கு அஞ்சு வயசிலை. இண்டைக்கு அவள் தன்ரை கையைத் திருப்பி எடுத்திருக்கிறாள். தலைவர், புள்ளியை எழுதுங்கோ."

தலைவர் எழுதினார். மதில் முழுக்கக் கைதட்டியது. என் மாமி விசில் அடித்தார் என்று பக்கத்தில் நின்றவர்கள் சொல்கிறார்கள். மாமி இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை.

அக்கா எங்கள் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் கண்ணீரும் சிரிப்பும். திரும்பி நிற்காமல், முகத்துக்கு நேரே பார்த்தபடி வலையடிக்கு வந்து, ரக்கெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, செயலாளருக்குக் கை நீட்டினார். அந்தச் சந்தோசத்தில் எந்தக் கையை நீட்டுகிறோம் என்ற நினைவே இல்லை. இடக்கை. ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. செயலாளர் அந்தக் கையைப் பார்த்தார், தாயைப் பார்த்தார். பிறகு கை கொடுப்பதற்காக இடக்கையில் வைத்திருந்த ரக்கெட்டை வலக்கைக்கு மாற்றிவிட்டு, தன் இடக்கையை நீட்டிப் பிடித்துக் குலுக்கினார்.

அடுத்த நாள் ஐந்தரைக்கு நாங்கள் நால்வரும் போனோம். தளத்தில் ஒருவரும் இல்லை. வலை கட்டியிருந்தது.